லாண்ட்மாஸ்டரில் ஏறிய பேஸ்

மச்சான்,

கறுப்பு உறையின் சிப்பை இழுத்ததும் உன் சுருட்டு வாசம் முகத்தில் அடித்தது. நீ செத்து ஒரு வருசமாகியும் அது போகவில்லை. மண்டபத்தில் சனம் இருக்கக் கதிரை அடுக்குகிறார்கள். மேடைக்குப் பின்னால், உன் பேஸுக்குப் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன். ஆளுயரத்துக்கும் மேலான இந்த மர வாத்தியத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே, உனக்கே இது நல்லாய் இருக்கிறதா?

கொழும்பு ஹோட்டலில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் இதையும் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவில் வந்து இறங்கினாய். "இஞ்ச ஆரடா இதைக் கேக்கப்போகினம்?" என்று சிரித்தேன். நீ காதில் வாங்கினால்தானே! ட்ரம்ஸ் அடிக்க என்னைப் பிடித்தாய், பாட ஒருவனைப் பிடித்தாய், பான்ட் தொடங்கிவிட்டாய். ஞாயிறு பூசைக்குக் கீதம், வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் பஜனை, கலியாணத்துக்குப் பைலா ஆட்டப்பாட்டு. எல்லாவற்றுக்கும் இதே நாலு கம்பிதான். தலைவன் நீ, ஆனால் மேடையில் என் பக்கத்தில்தான் நிற்பாய். "பின்னுக்கு நிண்டாத்தான் மச்சான், ஆர் தடுமாறுறான் எண்டு தெரியும்" என்பாய்.

மாங்குளத்துக் கலியாணத்தில் கரண்ட் போக, கிற்றார், கீபோர்ட், மைக் எல்லாம் அடங்கிவிட்டன. நீ மட்டும் நிறுத்தவில்லை. உன் விரல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது. சனம் கைதட்டி ஆடத் தொடங்கியது. "இந்தப் பெரிய சாமான் எதுக்கு?" என்று முகம் சுளித்த மாப்பிள்ளையின் தகப்பன்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார். மனுசனடா நீ!

வான் வண்டிக்குள் பேஸ் அடங்காது. வயல் உழுகிற லாண்ட்மாஸ்டரின் பின்பெட்டியில் கிடத்தித்தான் கொண்டுபோவோம். முதல் தரம் தண்ணீரூற்றுச் சந்தியில், கறுப்பு உறையோடு நீளமாய்க் கிடந்ததைப் பிரேதம் என்று நினைத்து, ஒரு ஐயா சைக்கிளை விட்டு இறங்கி, தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தலை குனிந்து நின்றார். "ஒருத்தரும் சாகேல்லை ஐயா, கலியாணவீட்டுக்குப் போறம்!" என்று நீ எழும்பிக் கத்தினாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

இன்று உன் மகளுக்குக் கலியாணம். "அப்பாதான் வாசிப்பன்" என்று அவளுக்கு நீ வாக்குக் கொடுத்த கலியாணம். கீபோர்டிலேயே பேஸ் சத்தம் எடுக்கலாம் என்று பான்டில் சொன்னார்கள். அவள் விடவில்லை. "அப்பா இல்லாட்டிலும் அப்பாட பேஸ் வரவேணும் மாமா. நீங்கள் வாசியுங்கோ." ட்ரம்ஸ்காரன் நான்! ட்ரம்ஸுக்கு வேறொருவனைப் பிடித்துவிட்டு, மாதக்கணக்காய் விரல் கொப்பளிக்க ஒரேயொரு மெட்டுப் பழகினேன். அவளைத் தூங்கவைக்க நீ வாசிக்கிறது. பிழை விட்டால் அவள் சந்தோசமும் உன் பேரும் கெட்டுவிடுமே என்று நேற்று முழுக்க அதையே திருப்பித் திருப்பி வாசித்தேன்.

காலையில் தண்ணீரூற்றால் வரும்போது, அதே ஐயா. நல்லாய்த் தளர்ந்துவிட்டார். எங்களைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கிச் சால்வையை எடுத்தார்.

"பிரேதமில்லை ஐயா, பேஸ்" என்றேன்.

"தெரியும் தம்பி. அதுக்குத்தான் இறங்கினனான். இண்டைக்கு ஆர் வாசிக்கிறது?"

"நான்தான்" என்றேன். பயத்தோடுதான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கூப்பிடுகிறார்கள் மச்சான். பின்னுக்குத்தான் நிற்பேன்.