விளக்குப் போட்டால் தெரிகிறது

கோபக்காரிக்கு,

நீ குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பிவிடுவேன். பேசாதவர்களுக்கு எழுதலாம் இல்லையா? பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன்.

பதினோரு மணிக்கு, ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினவர் வருவார். பிரிக்கத்தான். ஒட்டுவதற்குக் கொடுத்த பணத்தில் பாதியை, பிரிப்பதற்குக் கூலியாகக் கேட்கிறார். நீ அக்கா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, உன்னைக் கேட்காமல் ஒட்டியதற்கு அபராதம். வெயில் குறையும், சோபா வெளுக்காது, கரண்ட் பில் இறங்கும் என்று நான் அளந்துவிட்டதெல்லாம் நிஜமாகவே நடந்தது. "வீட்டைக் குகையாக்கிட்டீங்களே"ன்னு நீ சொன்னதும் நிஜம்தான். அப்போது நான் சிரித்திருக்கக் கூடாது.

இன்னொன்று. வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது என்று அவர் சொன்னது பகலுக்கு மட்டும்தானாம். விளக்குப் போட்டால் தெருவுக்கே தெரிகிறது. ஒரு வாரமாகப் பார்க்கிறேன். சாயங்காலம் ஜன்னலோரம் எனக்காகக் காத்திருக்கிறாய். நான் கேட்டைத் திறந்ததும் ஓடிப்போய்ப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய். நடிப்பும் சுமார்தான், மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்துவிடுகிறாய். சொன்னால் காத்திருப்பதையும் நிறுத்திவிடுவாயோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று நீ கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தெரிந்தது. அதன் பிறகுதான் அவருக்கு போன் செய்தேன்.

பி.கு: பிரிப்பதா வேண்டாமா என்று நீயே அவரிடம் சொல். இந்த முறை நான் முடிவு செய்யவில்லை.

கடைசியாக, என் சாவியை வேண்டுமென்றே மேஜைமேல் விட்டுவிட்டுப் போகிறேன். சாயங்காலம் கதவை நீதான் திறக்க வேண்டும். திட்டிக்கொண்டே திறந்தாலும் சரி.