அறுபது நாளுக்கு மேல்

மார்ச் 3, செவ்வாய்

லீக்கிலிருந்து படிவம் வந்துவிட்டது. பதினோரு பக்கம். ஐந்து பேர் உட்கார்ந்து திரையில் கோபுரம் இடிக்கிற ஆட்டத்துக்குப் பதினோரு பக்கம். என் கல்யாணத்தைப் பதிவு செய்ய இரண்டே பக்கம்தான் கேட்டார்கள்.

குட்டியை மடியில் போட்டுக்கொண்டு படித்தேன். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தைத் தின்றுவிட்டாள். லீக்கைப் பற்றி என் கருத்தும் அதுதான்.

தகுதிச் சுற்று நான்கிலும் எவனும் ஒரு தாள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஜெயித்து இறுதிக்கு வந்தபிறகு 'நீ யார், எந்த நாடு, எத்தனை நாளாக இங்கே' என்று ஆரம்பிக்கிறார்கள். டீமில் மூன்று பேராவது இந்த நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது இரண்டு வருடமாக இங்கேயே வசிக்க வேண்டும். கேப்டனும் இன்னொரு பையனும் குடிமக்கள். இரண்டு பேர் வெளியாட்கள். மூன்றாவது ஆள் நான். கல்யாணமாகி வந்து நாலு வருடம் ஆகிறது, எனக்கென்ன கவலை என்றுதான் இருந்தேன் —

கேள்வி 7. 'கடந்த இருபத்துநான்கு மாதங்களில் தொடர்ந்து அறுபது நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தீர்களா?'

இருந்தேன். எண்பத்துநான்கு நாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டில். எல்லைக்கு அந்தப் பக்கம், ரயிலில் நாலே மணி நேரம். 'ஆம்' என்று போட்டால் என் வசிப்புக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. நானும் வெளியாள். மூன்று வெளியாட்களோடு டீம் மேடை ஏற முடியாது.

20ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். போட்டி 28.

மார்ச் 4

குட்டியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பா வழியில் குடிமகள். ஆறு மாதம், பல் இல்லை, உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறாள். வயது ஒன்றைத் தவிர எல்லாத் தகுதியும் இருக்கிறது. அவளைப் பெற்றவளுக்குத்தான் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

தகுதிப் பிரிவு அதிகாரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் முத்திரை. மின்னஞ்சலின் அடியில்கூட வட்டமாக ஒன்றைக் குத்தி அனுப்புகிற ஜென்மம். பிரசவத்துக்குப் போனது கணக்கில் வருமா என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது:

'தேர்வு, ராணுவச் சேவை, கைக் காயம் ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தாங்கள் குறிப்பிட்ட நிகழ்வு பட்டியலில் இல்லை.'

நிகழ்வு! பதினாறு மணி நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேனே, அது நிகழ்வு. மணிக்கட்டு சுளுக்கியிருந்தால் விட்டுவிடுவார்களாம். எனக்கு மணிக்கட்டைத் தவிர பாக்கி எல்லாம் போயிற்று.

சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் கேப்டனிடம் சொன்னேன். இருபத்திரண்டு வயது. மீசை மட்டும் இன்னும் தகுதிச் சுற்றில் இருக்கிறது.

"அக்கா, 'இல்லை'ன்னு டிக் அடிச்சிட்டுப் போங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"குடியுரிமை ஆபீஸ்ல என் பயணத் தேதி எல்லாம் இருக்குடா. ஜூன்ல என் வசிப்பு அனுமதியப் புதுப்பிக்கணும். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு எழுதி மாட்டினா?"

"கேம் படிவத்தையும் அதையும் ஒக்காந்து ஒப்பிட்டுப் பாப்பாங்களா? ரொம்பப் பயப்படறீங்கக்கா."

பயப்படாமல்? உன் பாஸ்போர்ட் உன் அம்மா உனக்குக் கொடுத்த பால் மாதிரி சும்மா வந்தது. என் அனுமதி ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்று வாங்கியது. புதுப்பிக்க மறுத்தால்? குட்டி இங்கே, நான் அங்கே என்றால்? — யோசிக்கக்கூடாது. யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

மூன்று நாளாக எழுதவில்லை. எழுதினால் உண்மையை எழுத வேண்டிவரும் என்றுதான்.

இந்த அறுபது நாள் விதியை எழுதியது யார்?

நான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆட்டக்காரர்களிலிருந்து மூன்று பேரை வைத்து லீக் ஒரு குழு போட்டது. மற்ற இருவருக்கும் முழுசாக ஒரு வாக்கியம் எழுத வராது. "அக்கா காலேஜ் படிச்சவங்க, அவங்க எழுதட்டும்." எனக்கும் பெருமை தாங்கவில்லை. போட்டிக்கு முந்தின மாதம் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துவிட்டு 'நானும் இந்த ஊர்தான்' என்று வருகிற ஆட்களை எனக்குக் கண்டாலே ஆகாது. அறுபது என்ற எண்ணும் நான் போட்டதுதான். ஏன் அறுபது? கேட்க நன்றாக இருந்தது. விலக்குப் பட்டியலும் என்னுடையது. தேர்வு, ராணுவம், கை. குழுவில் பிரசவம் என்று ஒருத்தன் முனகினான். "நம்மள்ல யாரு புள்ள பெக்கப் போறா?" என்று கேட்டுச் சிரித்தேன். நான்தான் கேட்டேன். நான்தான் சிரித்தேன்.

அந்த விதியில் முதலில் விழுந்தவள் ஜிமிக்கி. எதிர் டீம். காதில் தொங்குவது மைக்கில் இடித்துக் கலகலவென்று கேட்கும், அதனால் அந்தப் பெயர். எழுபத்தோரு நாள் அவளுடைய நாட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று டாக்டர் கடிதம் வைத்திருந்தாள். விலக்குக் கேட்டு வருகிற மனுக்களும் எங்கள் குழுவுக்குத்தான் வரும். கடிதத்தின் ஓரத்தில் நான் எழுதினேன்: 'டாக்டர் கடிதம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.' அவள் இல்லாமல் அவர்கள் டீம் கலைந்தது. நாங்கள் அந்த வருடம் அரையிறுதி போனோம்.

முத்திரை என்ன செய்வான், பாவம். என் வாக்கியத்தைத்தான் எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான்.

மார்ச் 12, வியாழன்

இரண்டாவது முறை எழுதிக் கேட்டதற்கு முத்திரை இறங்கி வந்திருக்கிறான். 'வெளிநாட்டில் பிரசவம் பார்ப்பது மருத்துவரீதியாக அவசியமாக இருந்தது என்று மருத்துவர் சான்றளித்தால் பரிசீலிக்கலாம்.'

மருத்துவரீதியாக அவசியம்! எனக்கு ஒரு கோளாறும் இல்லை. இங்கே ஆஸ்பத்திரி பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தம். இவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் மாறி மாறி ஷிப்ட். வலி வந்தால் கதவைத் தட்டக்கூட எதிர் வீட்டில் ஆள் இல்லை. பயமாக இருந்தது. அம்மா வேண்டும் போல இருந்தது. அதை எந்த டாக்டர் எழுதித் தருவார்?

எழுதித் தருவார்களாம். அம்மாவிடம் போனில் சொல்லி வாய் மூடவில்லை, அவள் டாக்டரம்மாவிடம் போய் நின்றுவிட்டாள்.

"ரத்த அழுத்தம்னு போட்டுத் தரேன்னுட்டாங்கடி. எவ்வளவு வேணும்னு கேட்டாங்க."

"என்ன எவ்வளவு?"

"அழுத்தம்தான். நீயே ஒரு நம்பர் சொல்லு."

மார்ச் 13

டாக்டர் கடிதம் போனில் வந்துவிட்டது. நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. அம்மா தாராளமாகச் சொல்லியிருக்கிறாள்.

இவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஷூவைக் கட்டிக்கொண்டே, "அனுப்பிடு. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

"நான் ஒருத்திக்கு அதையே மறுத்தேன்."

"அவளுக்கு நிஜமா இருந்திருக்கலாம்ல?"

"அதத்தான் சொல்றேன்!"

"இப்ப எதுக்கு எங்கிட்ட கத்தற?"

கத்தினேனா? குட்டி அழுதாள். ஆமாம், கத்தினேன்.

மார்ச் 14

கேப்டன்: "நீங்க இல்லேன்னா, டீம் இல்லாம சும்மா இருக்கிற ஆள்ல தகுதி உள்ளது ஒரே ஆளுதான்க்கா. திரும்பி வந்து ரெண்டு வருஷம் போன மாசம் முடிஞ்சிருக்கு. ஆனா உங்களுக்குப் புடிக்காது."

பெயரைச் சொல்லவே தேவையில்லை.

மார்ச் 15, ஞாயிறு

குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜிமிக்கி வேலை செய்கிற செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். எதற்குப் போனேன்? அவள் எவ்வளவு மோசமாக இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம் என்றுதான் இருக்கும்.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். நிமிரவே இல்லை.

"வாங்க மேடம். ரூல் புத்தகம் ரிப்பேரா?"

சொன்னேன். பிரசவம், எண்பத்துநான்கு நாள், எல்லாம்.

"எண்பத்துநாலா? என்னவிடப் பதிமூணு ஜாஸ்தி. அதுலயும் நீங்கதான் முன்னாடி."

"அப்பா இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து.

"போயிட்டாரு. அறுபத்தஞ்சாவது நாள்." ஸ்குரூ ஒன்றைக் காந்தத்தில் எடுத்து வைத்தாள். "அறுபதுக்குள்ள முடிச்சிருக்கலாம். பாவம், அவருக்கு ரூல் தெரியாது."

குட்டி அவளுடைய ஸ்குரூ தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். அவள் பார்க்காமலே தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு பழைய போன் உறையைக் குட்டி கையில் கொடுத்தாள்.

"அதுக்கப்புறம் ஊருக்குப் போனியா?"

"இல்ல. ஒருதடவகூட."

"அறுபது நாள் வரைக்கும் போலாமே."

"எண்ணிக்கிட்டே அம்மா மடியில படுக்கணும். அதுக்குப் போகாமலே இருக்கலாம்."

கடைக்காரர் பின்னால் வந்து நின்றார். நான் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் ஏறியபிறகுதான் பார்த்தேன், போன் உறை குட்டி வாயில். திருப்பிக் கொடுக்கவில்லை.

மார்ச் 16

கேள்வி 7: ஆம்.

டாக்டர் கடிதத்தை வைக்கவில்லை. விளக்கம் எழுதுகிற இடத்தில் எழுதினேன்: 'மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. என் அம்மா என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.'

அனுப்பிவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "அந்த நம்பருக்கு நான் எவ்வளவு யோசிச்சேன் தெரியுமா" என்றாள்.

மார்ச் 18

முத்திரை: 'காரணம் பட்டியலில் இல்லை. வசிப்பு முறிந்ததாகக் கருதப்படும்.'

'முறிந்ததாகக் கருதப்படும்' — 'முறிந்தது' என்றாலே போதும் என்றார்கள் குழுவில், நான்தான் 'கருதப்படும்' என்று இழுத்தேன். கம்பீரமாக இருக்கும் என்று.

மார்ச் 19, வியாழன்

நாளைதான் கடைசி நாள். ஜிமிக்கியைக் கூப்பிடப் போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.

"எங்க டீம்ல ஒரு இடம் இருக்கு."

"உங்க இடமா?"

"ஆமா."

"எதுக்கு? புண்ணியம் சேக்கறீங்களா?"

"ஜெயிக்கறதுக்கு. ரூல்படி உன்ன விட்டா ஆளில்ல. எழுதினவளுக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் ஸ்குரூ ஒன்று தட்டில் விழுகிற சத்தம்.

"லெட்டர் ஓரத்துல எழுதினீங்களே, அது நீங்கதானா, இல்ல கமிட்டியா?"

கமிட்டி என்று சொல்லியிருக்கலாம். மறுப்பில் மூன்று பேர் கையெழுத்து இருக்கிறது.

"நான்தான்."

"சரி. பயிற்சி எத்தன மணிக்கு?"

மார்ச் 22

என் வேலையை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மற்ற நால்வரும் சாகாமல் பார்த்துக்கொள்கிற வேலை, யாரும் கைதட்டமாட்டார்கள். மவுஸை ஆணி அடிப்பது போல அடிக்கிறாள். கேப்டன் சொல்வதை ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. நான் செய்ய அஞ்சுகிற இடத்தில் புகுந்துவிடுகிறாள். பார்க்கவே எரிச்சல். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தாள்.

மார்ச் 28, சனி

தோற்றோம். இரண்டுக்கு மூன்று. நான் ஆடியிருந்தால் — சரி, விடு.

குட்டியை இவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் நிற்க 'உதவியாளர்' என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். முத்திரையை முதல்முறையாக நேரில் பார்த்தேன். சின்னப் பையன். என்னை 'ஆன்ட்டி' என்றான்.

ஆட்டம் தொடங்கும் முன் பெரிய திரையில் ஒவ்வொருவர் முகமும் பெயரும் வந்தன. பெயருக்குக் கீழே 'குடிமகன்', 'குடிமகன்', 'வெளியாள்', 'வெளியாள்'. அவள் முகத்துக்குக் கீழே 'வசிப்பவர்'. உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பி என்னைத் தேடினாள்.

"அக்கா, அத ஒரு போட்டோ எடுங்க. அம்மாவுக்கு அனுப்பணும்."

முதல் படத்தில் 'வசிப்பவர்' பாதி வெட்டுப்பட்டிருந்தது. திரை மாறுவதற்குள் இன்னொன்று எடுத்தேன்.