மச்சான் பிடித்த சைக்கிள்

அன்புள்ள ஜெயரூபிக்கு,

நீரும் தேனுகாவும் சுகம்தானே? திருகோணமலைத் துறைமுகத்து வெயிலைத் தவிர எனக்கு வேறு வருத்தமில்லை. போனில் சொன்னால் உம்முடைய அண்ணனுக்கும் கேட்கும் என்றுதான் எழுதுகிறேன்.

நீர் அனுப்பிய படத்தில் மகள் சைக்கிள் பழகுகிறாள். அண்ணன் சைக்கிளின் பின்னால் சீற்றைப் பிடித்தபடி பல்லைக் காட்டுகிறார். பொறாமையோடு அதையே பார்த்துக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், கிரேனில் தொங்குகிற பாரத்துக்குக் கீழே நடந்துவிட்டேன்.

"சேஃப்டி ஐயா, எங்களுக்கு மட்டுமா சட்டம்? மேல பாருங்க!" என்று கிரேன் ஓட்டும் றிஸ்கான் கத்தினான். ஹெல்மெட் போடாதவர்களின் பெயர் எழுத நான் வைத்திருக்கும் புத்தகத்தில் என் பெயரை நானே எழுதினேன். பயப்படாதையும், தலையில் ஒன்றும் விழவில்லை.

பிள்ளையின் தலையை நூலால் அளந்து அனுப்பும், அவளுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்க வேண்டும். பொங்கலுக்கு வருவேன். அதுவரை அண்ணனே பிடிக்கட்டும். கையை விடுகிற நாளை மட்டும் எனக்கு விட்டுவைக்கச் சொல்லும்.

கப்பல் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உம்முடைய
சதானந்தன்