தங்கம் ஒட்டாத தகடு

நாள் 112, 07:10
சந்திரனைச் சுற்றும் ‘ஓரை’ ஆய்வுக்கலம். ஆள் நான் ஒருத்திதான்: முனைவர் மதுரவல்லி. கலத்தின் நிலை சீர்.

அம்மோனியா அபாயமணி இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அலறியது. குளிரூட்டும் குழாய்களில் ஓடும் அம்மோனியா உள்ளே கசிந்தால் அடிக்க வேண்டிய மணி அது. குழாய் அழுத்தமோ சரியாகவே இருக்கிறது. மணிக்குள் இருந்து அம்மோனியாவை உணரும் சில்லு எனக்கு முன்னால் இங்கிருந்த ஞானதிரவியம் செய்தது. அந்த மனிதர் தேநீர் கலக்கும் அழகைப் பார்த்தவர்கள் அவரிடம் வேதியியலைக் கொடுத்திருக்க மாட்டார்கள். சில்லு குப்பை. கம்பியைப் பிடுங்கிவிட்டேன். புதிது நானே செய்கிறேன்.

நாள் 113, 10:30
செய்முறை எளிது. சில்லுக்கான சிலிக்கான் தகட்டைக் கழுவி, அதன்மேல் அமீன் பூச்சு ஏற்ற வேண்டும். பிறகு நீரில் மிதக்கும் தங்க நுண்துகள்களில் முக்க வேண்டும். அமீன் நேர்மின்னூட்டம் ஏற்கும், தங்கத்துகளுக்கு எதிர்மின்னூட்டம். தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கல்லூரிப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள்.

நாள் 114, 15:45
ஒட்டவில்லை. நுண்ணோக்கியில் தகடு வழுக்கைத் தலைபோலப் பளபளக்கிறது. ஒரு துகள்கூட இல்லை. ஞானதிரவியம் அமீன் புட்டியைச் சரியாக மூடாமல் போயிருப்பார், வேறென்ன. புதிய புட்டியை உடைத்தேன்.

நாள் 115, 11:20
புதிய புட்டியிலும் அதே கதை. அமீனைக் கரைக்கும் டொலுயீனின் ஆவியால் கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது. மூக்கு மட்டும் நிம்மதியாக இருக்கிறது. எடையில்லாத இடத்தில் எல்லோருக்கும் போல அடைத்துக்கொண்டு மூன்று மாதமாக எந்த வாசனையும் தெரியவில்லை.

தரை நிலையத்திலிருந்து இசக்கித்தாய் பேசினாள். டிப்ளமோ படித்த டெக்னீஷியன். அறிவுரை சொல்வதற்கு இப்போது தகுதி எதுவும் தேவையில்லை போலிருக்கிறது.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. தண்ணிய ஒருக்கா சோதிச்சுப் பாத்தீங்களா? தண்ணில காரம் ஏறிட்டுன்னா அமீனுக்கு மின்னூட்டம் போயிரும், தங்கம் ஒட்டாது. எங்க லேப்ல ஒருக்கா அப்படி ஆயிட்டு, அதான் சொல்லுதேன்.”

கலத்தின் காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்வித்து, மூன்று முறை வடிகட்டி வரும் தண்ணீர் அது. நான் ஆய்வுக்கட்டுரை எழுதிய காலத்தில் இந்தப் பெண் பாவாடை கட்டித் திரிந்திருப்பாள். “நன்றி” என்று மட்டும் அனுப்பினேன்.

நாள் 116, 09:00
நான்காவது தகடும் வெறுமை. மாற்றுக் குழுவின் கப்பல் 118ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும். அதில் ஞானதிரவியமும் வருகிறார். அவர் பேசினார்:

“மதுரா மேடம், நல்லா இருக்கீங்களா? எரிபொருள் மிச்சம் இருக்கு. ஒரு நாள் முந்தியே வந்துரட்டுமா? உங்களுக்கும் தனியா இருந்து அலுத்திருக்கும்.”

வெறும் தகடுகளைப் பார்த்து அவர் பரிதாபப்படும் காட்சியை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அவசரமில்லை, திட்டப்படியே வாருங்கள் என்று பதில் அனுப்பினேன்.

நாள் 117, 16:10
ஆறாவது தகடு. ஒன்றுமில்லை. தலைவலி. இருமல் நிற்கவில்லை. ஊசி முனையைவிடச் சிறிய துகள்கள்கூட என்னை மதிப்பதில்லை.

நாள் 118, 09:05
சமையல் குழாயின் வடிகட்டியை மாற்றக் கழற்றி வைத்திருந்தேன். அதனால் காலை ரவா கிச்சடிப் பொட்டலத்தில் ஆய்வுக்கூடத் தண்ணீரை விட்டேன். மஞ்சள் கிச்சடி செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. உணவு தயாரிப்பவர்கள் பீட்ரூட்டைக் கலந்து தொலைத்தார்கள் என்று திட்டிக்கொண்டே வாயருகில் கொண்டுபோனேன்.

அப்புறம்தான் உறைத்தது. ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். தமிழ்நாட்டில் கல்யாண வீட்டுக்குப் போன எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீரில் காரம். தண்ணீர் வருவது காற்றிலிருந்து. அம்மோனியா தண்ணீரில் கரைந்தால் காரம். அப்படியானால் காற்றில் அம்மோனியா.

09:20
மணியின் கம்பியைத் திரும்பச் செருகினேன். அலறுகிறது. முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் அலறியிருக்கிறது. அழுத்தமானியில் தெரியாத அளவு மெல்லிய கசிவு. இன்று காலை அழுத்தமும் சரியத் தொடங்கிவிட்டது. குழாயை மூடும் அடைப்பிதழ் திரும்ப மறுக்கிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

09:50
விண்ணுடைக்குள் இருக்கிறேன். காற்று எட்டு மணி நேரத்துக்கு. மாற்றுக் காற்று உருளைகள் கப்பலில்தான் வருகின்றன. கப்பல் வரப் பத்து மணி நேரம் ஆகும். வேண்டாம் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் நேற்றே வந்திருக்கும்.

10:15
ஞானதிரவியம்: “வேகத்தக் கூட்டிட்டோம் மேடம். ஆறு நாப்பதுக்கு வந்துருவோம். அசையாம உக்காருங்க. மூச்ச மெதுவா விடுங்க. பேச வேண்டாம், நான் பேசுறேன், நீங்க கேளுங்க.”

இசக்கித்தாய்: “மேடம், நான் லைன்லயே இருக்கேன். எங்கயும் போவல.”

ஒருத்தர்கூட நான் செய்ததைக் குத்திக்காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

14:30
கணக்குப்படி காற்று 17:50 வரை. ஐம்பது நிமிடம் குறைகிறது. மெதுவாக மூச்சு விட்டால் முப்பது. ஞானதிரவியம் தன் மகளின் பள்ளி நாடகத்தைப் பற்றி விடாமல் பேசுகிறார். நன்றாகப் பேசுகிறார். நான்கு வருடப் பழக்கத்தில் அவர் பேசியதை இன்றுதான் முழுதாகக் கேட்கிறேன்.

17:35
இதைப் படிப்பவருக்கு. 112ஆம் நாள் பதிவில் ஞானதிரவியத்தின் சில்லைக் குப்பை என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். குப்பை நான்தான்.

18:05
இன்னும் மூச்சு
கைவிரல் மரத்து இசக்கி ஏதோ பாடுகிறாள்

18:17
உள்ளே வரும்போது மணி அடித்துக்கொண்டிருக்கும்
தலைக்கவசம் கழற்றாதீர்கள்
பழுது என்று நினைத்து யாரும் அந்தக் கம்பியைப்