ஜெனரலின் அன்புச் சகோதரர்

மே 5, திங்கள்

மழை. ஹீட்டரை நிற்பாட்ட மனம் வரவில்லை. வரும் வழியில் பாண், முட்டை. பாலை மறந்துவிட்டேன், மனைவி ராணியிடம் ஏச்சு.

மார்க்கம் நகரத்துப் பழைய வீட்டு மியூசியத்திலிருந்து, அங்கே வேலை செய்யும் ஹெதர் மறுபடி போன். கண்காட்சிக்குத் தமிழ் விளக்கப் பலகை வெள்ளிக்குள் வேண்டுமாம். விஷயம், ஜெனரல் எஸ்ரா தோர்ன்பெரி. அமெரிக்கா பிறந்த நேரம் இங்கிலாந்து அரசனை எதிர்த்துச் சண்டை பிடித்தவர், பிறகு ஆளுநர். குடும்பமும் உத்தியோகமும் ஒரு பக்கத்துக்குள். நான் வருடக்கணக்காக எழுதுவது மரண அறிவித்தல் மட்டும், தமிழ் இணையத்தளம் ஒன்றுக்கு. சொன்னேன். அதுவும் வாழ்க்கை வரலாறுதானே என்கிறாள்.

அடுத்த மாதம் அம்மாவின் பத்தாம் ஆண்டு நினைவஞ்சலி. ரெக்ஸ்டேலிலிருந்து அண்ணை எங்கள் தளத்துக்குத்தான் வாசகம் அனுப்புவார். பிள்ளைகள் வரிசையில் என் பெயர் இராது. அம்மா செத்த அன்றைக்கும் இல்லை, பிறகு ஒரு வருடமும் இல்லை. அதைக் கணினியில் ஏற்றுகிறவன் நான். ஊரில் சண்டை நடந்த அந்தக் காலம் அவர் ஒரு இயக்கம், நான் இன்னொன்று. இயக்கங்கள் போய்விட்டன. கோபம் மட்டும் விசா எடுத்துக் கனடா வந்துவிட்டது.

இந்த முறை பெயர் வருமா? வராது. ஆனாலும் பார்ப்பேன்.

மே 7, புதன்

வெயில், ஆனால் காற்று. முதுகு நோவு.

ஜெனரலின் பலகை நகரவில்லை. ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் எழுதினால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி. கடைசியில் கைக்கு வந்தபடி விட்டேன். "அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, முன்னாள் படைத்தளபதியும் ஆளுநருமான எஸ்ரா தோர்ன்பெரி அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற ஜோசையா, ரூத் தம்பதிகளின் மூத்த புதல்வரும், ஹன்னாவின் அன்புக் கணவரும்..." தண்ணீர் மாதிரி ஓடியது. பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் வந்தார்கள். "அன்புச் சகோதரரும்" என்ற இடத்தில் ஆள் இல்லை.

ஹெதருக்குப் போன் அடித்தேன். இவருக்குச் சகோதரம் இல்லையா? இருக்கிறாராம், ஒரு தம்பி, நேதன். அரசன் பக்கம் நின்று, சண்டை முடிய மனைவி பிள்ளைகளோடும் ஒரு பசுவோடும் வடக்கே கனடாவுக்கு ஓடி வந்தவர். மியூசியமே அவர் கட்டிய வீடுதான். அவருக்குத் தனிப் பலகை உண்டாம். ஜெனரலோடு சேர்த்து எழுதவில்லை, இரண்டு பேரும் சாகும்வரை பேசவில்லை என்பதால்.

ஆளுநராக இருந்தபோது வடக்கிலிருந்து வருகிற எல்லாரிடமும் அங்கே மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று விசாரிப்பாராம் ஜெனரல். தம்பியின் பெயரை மட்டும் சொல்லமாட்டாராம்.

பேசாவிட்டாலும் எங்கள் வழக்கத்தில் சகோதரரை விடுவதில்லை என்றேன். "மார்க்கத்தைச் சேர்ந்த நேதனின் அன்புச் சகோதரரும் ஆவார்" என்று முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. சந்தோஷம்.

மே 8, வியாழன்

பெரிய கூத்து.

நேற்று பலகையை அறிவித்தல் போடும் இணையத்தளத்திலேயே எழுதினேன், கட்டங்கள் தயாராக இருப்பதால். 'சேமி'க்குப் பதில் 'வெளியிடு' அமத்திவிட்டேன். விடியவே ஜெனரல் மரண அறிவித்தல்களில். தொடர்புக்கு என்ற இடத்தில் தானாக விழுந்த என் பெயரும் நம்பரும்.

முதல் போன் மோர்னிங்சைட்டிலிருந்து ஒரு அன்ரி. "பார்வைக்கு எங்க வைச்சிருக்கினம், தம்பி?" இருநூறு வருடத்துக்கு முந்திய ஆள் என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளைக்கார மருமகனா என்றார். என்றாலும் முகம் பார்க்க வரத்தான் வேண்டுமாம், கண்காட்சித் திகதியைச் சொல்லிவைத்தேன். இன்னொருவர், ஹன்னா எந்த ஊர் என்று விசாரணை. ராணி சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கீழே ஊற்றிவிட்டாள்.

அறிவித்தலைத் தளத்திலிருந்து தூக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு போன். தெரியாத நம்பர்.

"ஆருக்கடா என்ன?"

அண்ணை. ஒவ்வொரு விடியலும் அறிவித்தல் பார்க்கிறவர். தொடர்புக்கு என் பெயர் கிடந்ததும், வாசகத்தை வாசிக்காமலே அடித்திருக்கிறார்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றேன். ஜெனரலின் கதையைச் சொன்னேன், தம்பியின் கதையையும், பலகை வைக்கிற கண்காட்சியையும். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு:

"உங்க ஸ்காபரோப் பக்கம் மழையோ?"

"ஓம் அண்ணை. இப்ப விட்டிட்டுது."

வைத்துவிட்டார். அந்த நம்பரை 'அண்ணை' என்று போனில் சேமித்தேன். ராணி பக்கத்தில் வந்து இருந்தாள்.

மே 9, வெள்ளி

பலகை கொடுத்தாயிற்று. மரண அறிவித்தல் வடிவத்திலேயே விடச் சொன்னாள் ஹெதர். தலைப்பில் மட்டும் 'இருநூறு ஆண்டுகளுக்கு முன்' என்று சேர்த்தோம், ஒருவரும் மலர்வளையத்தோடு வராமல் இருக்க.

மே 17, சனி

நல்ல வெயில். ட்யூலிப் எல்லாம் பூத்துவிட்டது.

கண்காட்சி திறந்தார்கள். சமோசா முடிந்தது, கேக் மிச்சம். போன் எடுத்த அந்த மோர்னிங்சைட் அன்ரி உண்மையாகவே வந்தார், வெள்ளைச் சேலையில். ஜெனரலின் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மூன்று மணி போல வாசலில் அண்ணை. மகன் காரில் கொண்டுவந்து விட்டானாம். தலை முழுக்க நரை. என்னைப் பார்க்காமல் நேரே பலகைக்குப் போய், கண்ணாடியைப் போட்டு, கடைசி வரி வரை வாசித்தார். நான் பின்னால், என்ன செய்வது என்று தெரியாமல் கேக் தட்டோடு.

"உந்த ஜெனரல் ஒருக்கா வந்து பாத்திருக்கலாம்," என்றார். "பெரிய தூரமில்லை."

கேக்கை நீட்டினேன். தனக்குச் சீனி வருத்தம், இனிப்புக் கூடாது என்றார், ஆனால் தின்றார்.

மே 18, ஞாயிறு

இதமான காலநிலை. உடுப்புத் தோய்க்க வேண்டும்.

அம்மாவின் நினைவஞ்சலி வாசகம் வந்தது, வாட்ஸ்அப்பில். வசனம் போன வருடத்ததேதான். பிள்ளைகள் வரிசை மட்டும் வெறுமையாக. கீழே அண்ணை: "பேருகளை நீயே போடு. ஒருத்தரையும் விடாதை."

அண்ணையின் பெயர், அக்காவின் பெயர் அடித்தேன். என்னுடையதில் விரல் நின்றுவிட்டது. ராணி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அடித்தாள். பிறகு மருமக்கள் வரிசைக்குப் போய்த் தன் பெயரையும்.