அத்தையின் தலைமுடி

அண்ணிக்கு,

எங்க நம்பரைப் பார்த்தா நீங்க போன் எடுக்கிறதில்லை. அதனாலதான் எழுதுறேன்.

உங்க அம்மா படுக்கையில விழுந்து ஏழு மாசம் ஆச்சு. இந்த வெயிலுக்குத் தலையணை காலையிலேயே நனைஞ்சு போகுது. தினமும் ஈரத்துணியால தலையைத் துடைச்சு, முடியை விரிச்சுக் காய வைக்கிறேன். இடுப்பு வரைக்கும் இருக்கிற முடி, காயறதுக்குள்ள மறுபடி வேர்த்துடுது. போன வாரம் பின்னந்தலையில புண் வந்துடுச்சு. பார்க்க வந்த நர்ஸ், "ஒட்ட வெட்டிடுங்க, இல்லேன்னா சீழ் வச்சிடும்"னு சொல்லிட்டுப் போனாங்க.

அத்தை சம்மதிக்கலை. உங்க தம்பி கெஞ்சிப் பார்த்துட்டார். நான் கத்தரிக்கோலை எடுத்தாலே முடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "என் பொண்ணு வந்து பின்னி விடுவா"ங்கறாங்க. ஒன்பது வருஷமா வராத பொண்ணு. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கலை.

நேத்து ஒரு பொய் சொன்னேன். "உங்க பொண்ணு போன் பண்ணினாங்க. வெயில் முடியற வரைக்கும் முடியை வெட்டிக்கச் சொன்னாங்க"ன்னேன்.

"அவளேவா சொன்னா?"

ஆமான்னேன். அத்தை கையை எடுத்துட்டு, தானே தலையைத் திருப்பிக் கொடுத்தாங்க.

மருந்து போட்டாச்சு, புண் ஆறிடும். ஆனா காலையிலேர்ந்து போனைத் தலையணை பக்கத்துல வச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க.

நீங்க கூப்பிட்டா பழசு எதுவும் பேச வேண்டாம். "முடி வெட்டிக்கிட்டியாம்மா"ன்னு மட்டும் கேளுங்க. மீதியை அவங்க பேசுவாங்க.

இப்படிக்கு,
உங்க தம்பி மனைவி