சாவிக்காரன் நின்ற இடம்

மார்ச் 3, திங்கள்

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். முதலாளிக்குக் கெட்ட கனவு வரும் என்று போன வாரமே சொன்னேன். யாரிடம்? மனசுக்குள்தான். சொன்னது சொன்னதுதானே.

பேக்கிங்கில் பன்னிரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய அன்றே அவர் முகம் சரியில்லை. பட்டியலில் ஆறாவது பேர் என் தங்கச்சி மகள். இந்தக் குடைக் கம்பெனியில் அவளைச் சேர்த்ததே நான்தான். முதலாளி என் கையைப் பிடித்துக் கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம்.

காலையில் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார். "ராத்திரி ஒரு கனவு. ஏதோ பெருசா விழுந்துச்சு. மத்தது மறந்துபோச்சு, படபடப்பு மட்டும் போகல. என்னன்னு சொல்லுங்க."

"கனவையே சொல்லாம அர்த்தம் எப்படி சார்?" என்றார் கணக்கர்.

"தெரிஞ்சா உங்கள எதுக்குய்யா கூப்பிடறேன்?"

ஸ்டோர் சாவிக்கொத்தோடு கடைசியில் நின்ற நான் தொண்டையைச் செருமினேன்.

மார்ச் 4

நேற்று மீதியை எழுத முடியவில்லை. ஊரே பாராட்ட வந்துவிட்டது. (இரண்டு பேர்.)

படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றாலும் வேதக் கதை, அதாவது பைபிள், எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரு ராஜா, பேர் வாயில் நுழையாது. அவரும் இப்படித்தான் தன் கனவைத் தனக்கே சொல்லச் சொன்னார். சிங்கக் குகையில் போட்டும் சாகாத அந்த ஞானி சொன்னதை அப்படியே இறக்கினேன்.

"ஒரு சிலை சார். தலை தங்கம், நெஞ்சு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதத்துல பாதி களிமண்ணு. கை படாத ஒரு கல்லு வந்து பாதத்துல அடிச்சுது. தலைவரைக்கும் தூள்."

முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஆமாய்யா. அதேதான்."

"தலை நீங்க. நெஞ்சு கணக்கு ஆபீஸு. வயிறு தையல். காலு மிஷினு. பாதம் பேக்கிங். பாதத்துல கை வெச்சா தலை எங்க சார் நிக்கும்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சூப்பர்வைசர் நாற்காலி வேறு காலியாகக் கிடக்கிறது. "சிலை பக்கத்துல ஒருத்தன் நின்னான் சார். கையில சாவிக்கொத்து. அவனை நம்பலாம்."

மார்ச் 5

நோட்டீஸைக் கிழித்தாயிற்று. பன்னிரண்டு பேருக்கும் வேலை உண்டு.

மார்ச் 6

சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். லேசாக ஆடுகிறது. அட்டை மடித்து வைத்தால் சரியாகும்.

மார்ச் 8, சனி

முதலாளி ஐந்து நாளாக யோசித்திருக்கிறார். படித்தவன் யோசித்தாலே வினைதான்.

"கை படாம அந்தக் கல்லு எப்படி கம்பெனிக்குள்ள வந்துச்சு?"

"தானா... வந்துச்சு சார்."

"பூட்டியிருந்தா வருமா?"

"வராது சார்."

"சாவி யார் கையில இருந்துச்சு?"

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை ஒட்டியிருக்க வேண்டிய நாக்கு.

"கொத்தை மேசை மேல வெச்சிடுங்க பெரியவரே. இனிமே வர வேண்டாம்."

நானே வேலையை உதறிவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். முதலாளி அழுதார் என்றும்.

மார்ச் 10

தங்கச்சி மகள் வேலைக்குக் கிளம்பினாள். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்: "மாமா, அந்தச் சாவிக்காரன் நெஜமாவே வேதத்துல வர்றானா?"

"வராம? எடுத்துப் பாரு."

"பார்த்துட்டேன் மாமா." இன்னொரு செருப்பையும் மாட்டினாள். "சோறு மூடி வெச்சிருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க."

சிலை இருக்கிறது. கல்லும் இருக்கிறது. சாவிக்காரனை மட்டும் நான்தான் கொண்டுபோய் நிறுத்தினேன்.